கிரோன் நோய்

கிரோன் நோய் என்பது உணவுப் பாதையைத் தாக்கும் நாட்பட்ட அழற்சி நோய்களுள் ஒன்றாகும். மருத்துவமனைகளிலும் பேச்சு வழக்கிலும் இது 'க்ரோன்ஸ்' என்று குறிப்பிடப்படுகிறது. வாய் முதல் ஆசனவாய் வரை உணவுப் பாதையின் எந்தப் பகுதியிலும் இந்நோய் தோன்றலாம். எனினும் சிறுகுடல் முடிந்து பெருங்குடல் தொடங்கும் பகுதியிலேயே இது அதிகமாகக் காணப்படுகிறது. இந்நோயும் பெருங்குடல் புண் அழற்சி என்னும் நோயும் சேர்ந்து 'அழற்சிக் குடல் நோய்கள்' என்று பொதுவாக அழைக்கப்படுகின்றன. உலக நோய்ச் சுமை பற்றிய ஆய்வு ஒன்றின் கணக்குப்படி, 2017இல் உலகில் சுமார் 68 லட்சம் பேர் இவ்விரு நோய்களில் ஒன்றுடன் வாழ்ந்தனர்.

கிரோன் நோய் தொற்றுநோய் அன்று. ஒருவரிடமிருந்து மற்றவருக்குப் பரவாது. இது புற்றுநோயும் அன்று. இதை முற்றிலும் போக்கும் மருந்து இதுவரை இல்லை. ஆனால் உரிய காலத்தில் கண்டறிந்து தொடர்ந்து சிகிச்சை பெற்றால், நோயாளிகளில் பலர் படிப்பு, வேலை, குடும்பம் என வழக்கமான வாழ்க்கையை வாழ முடியும். இந்நோயில் முதலில் புரிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு. வயிற்றுவலி தணிவதும் குடல் ஆறுவதும் ஒன்றல்ல. வலி இல்லாத மாதங்களிலும் குடலுக்குள் அழற்சி தொடரக்கூடும். இன்றைய சிகிச்சை முறை முழுவதும் இந்த வேறுபாட்டை அடிப்படையாகக் கொண்டே அமைந்துள்ளது.

பெயரும் வரலாறும்

1913இல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகர அறுவை மருத்துவர் கென்னடி டால்சியல், குடல் சுவர் தடித்து இறுகிப்போன நோயாளிகள் சிலரைப் பற்றி எழுதினார். மாடுகளுக்கு வரும் 'ஜோனி நோய்' என்ற குடல் நோயை அது ஒத்திருப்பதாக அவர் குறிப்பிட்டார். அக்கட்டுரை அக்காலத்தில் பெரிதாகக் கவனிக்கப்படவில்லை.

1932இல் நியூயார்க்கின் மவுண்ட் சினாய் மருத்துவமனையைச் சேர்ந்த பரில் கிரோன், லியோன் கின்ஸ்பர்க், கார்டன் ஓப்பன்ஹைமர் ஆகிய மூவரும் 14 நோயாளிகளைப் பற்றிய கட்டுரையை அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் வெளியிட்டனர். சிறுகுடலின் கடைசிப் பகுதியில் தோன்றும் இந்த அழற்சி காசநோயோ புற்றுநோயோ அல்ல, தனி நோய் என்று அவர்கள் நிறுவினர். ஆசிரியர் பெயர்கள் ஆங்கில அகர வரிசையில் அமைந்ததால் கிரோனின் பெயர் முதலில் வந்தது. நோய்க்கும் அப்பெயரே நிலைத்தது.

தொடக்கத்தில் இது சிறுகுடலின் கடைசிப் பகுதிக்கு மட்டுமே உரிய நோய் என்று கருதப்பட்டது. 1960இல் இங்கிலாந்தைச் சேர்ந்த லாக்ஹார்ட்-மம்மரி, மார்சன் ஆகிய இருவரும் இதே நோய் பெருங்குடலிலும் வரும் என்பதையும், அது பெருங்குடல் புண் அழற்சியிலிருந்து வேறுபட்டது என்பதையும் தெளிவுபடுத்தினர்.

அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ஐசனோவர் இந்நோய்க்கு ஆளானவர்களுள் ஒருவர். 1956 ஜூன் மாதம் ஏற்பட்ட குடல் அடைப்புக்காக அவருக்கு அறுவை சிகிச்சை செய்யப்பட்டது. அதே ஆண்டு நவம்பரில் நடந்த தேர்தலில் அவர் மீண்டும் வெற்றி பெற்றார்.

குடலில் நடப்பது என்ன?

குடலின் உட்சுவர், உடலில் வெளியுலகப் பொருட்களை மிக அதிகமாகச் சந்திக்கும் பரப்புகளுள் ஒன்றாகும். உண்ணும் உணவும் கோடிக்கணக்கான நுண்ணுயிரிகளும் அதை எப்போதும் தொட்டுக்கொண்டே இருக்கின்றன. தீங்கற்ற நுண்ணுயிரிகளைப் பொறுத்துக்கொண்டு, தீங்கு செய்பவற்றை மட்டும் எதிர்ப்பது நோய் எதிர்ப்பு மண்டலத்தின் பணி. கிரோன் நோயில் இந்தச் சமநிலை குலைகிறது. குடலில் வழக்கமாக வாழும் நுண்ணுயிரிகளுக்கு எதிராகவே எதிர்ப்பு அணுக்கள் திரண்டு, அழற்சியைத் தூண்டும் புரதங்களைச் சுரக்கின்றன. அழற்சி தொடங்கினால் தானாக அடங்குவதில்லை.

பெருங்குடல் புண் அழற்சியிலிருந்து இந்நோய் மூன்று வகைகளில் வேறுபடுகிறது. முதலாவது, பெருங்குடல் புண் அழற்சி மலக்குடலில் தொடங்கி இடைவெளியின்றி மேல்நோக்கிப் பரவும். கிரோன் நோயோ அங்கங்கே தாக்கும். நோயுற்ற இரு பகுதிகளுக்கு இடையே நல்ல குடல் இருக்கும். இரண்டாவது, பெருங்குடல் புண் அழற்சி பெருங்குடலுக்குள் அடங்கும். கிரோன் நோய்க்கு அத்தகைய எல்லை இல்லை. மூன்றாவது வேறுபாடே மிக முக்கியமானது. பெருங்குடல் புண் அழற்சி குடலின் உட்படலத்தை மட்டும் பாதிக்கிறது. கிரோன் நோய் குடல் சுவரின் எல்லா அடுக்குகளையும் ஊடுருவிச் செல்கிறது.

சுவர் முழுவதும் அழற்சி பரவுவதால் இருவகைச் சேதங்கள் நேர்கின்றன. புண் ஆறும்போது தழும்புத் திசு உருவாகிக் குடல் குறுகினால் 'குடல் சுருக்கம்' ஏற்படுகிறது. புண் சுவரைத் துளைத்துக்கொண்டு போனால் வயிற்றுக்குள் சீழ்க்கட்டி உருவாகலாம். அல்லது குடலுக்கும் வேறொரு உறுப்புக்கும் இடையே புழை ஏற்படலாம். ஆசனவாய்க்கு அருகில் தோலில் திறக்கும் இத்தகைய புழையே 'பௌத்திரம்' எனப்படுகிறது. அழற்சியை மருந்தால் தணிக்கலாம். ஆனால் இறுகிப்போன தழும்பை மருந்தால் கரைக்க முடியாது. சேதம் நேரும் முன்பே சிகிச்சை தொடங்க வேண்டும் என்று வலியுறுத்தப்படுவதற்குக் காரணம் இதுவே.

காரணங்கள்

கிரோன் நோய்க்குத் தனியொரு காரணம் இல்லை. மரபணு, குடல் நுண்ணுயிரிகள், சூழல் ஆகியவை ஒன்றுசேர்ந்து இதைத் தோற்றுவிக்கின்றன.

2001இல் 16ஆம் குரோமோசோமில் உள்ள 'நாட்-2' என்ற மரபணுவின் சில மாற்றங்கள் இந்நோயுடன் தொடர்புடையவை என்று கண்டறியப்பட்டது. நுண்ணுயிரிகளின் சுவர்க்கூறுகளை அடையாளம் காண உதவும் மரபணு இது. அதன்பின் அழற்சிக் குடல் நோய்களுடன் தொடர்புடைய 200க்கும் மேற்பட்ட மரபணுப் பகுதிகள் கண்டறியப்பட்டுள்ளன. ஐரோப்பியரிடம் முக்கியமானவையாகக் காணப்பட்ட 'நாட்-2' மாற்றங்கள் ஆசிய மக்களிடம் அரிதாகவே உள்ளன. பெற்றோர், உடன்பிறந்தோர் ஆகியோருக்கு நோய் இருந்தால் வாய்ப்பு கூடுகிறது. ஆனால் பெரும்பாலான நோயாளிகளின் குடும்பத்தில் வேறு யாருக்கும் இந்நோய் இருப்பதில்லை.

மரபணு ஓரிரு தலைமுறைகளில் மாறுவதில்லை. ஆயினும் நோய் அரிதாக இருந்த ஆசிய நாடுகளில் நகரமயமாக்கத்துடன் சேர்ந்து அது பெருகி வருகிறது. தெற்காசியாவிலிருந்து மேலை நாடுகளுக்குக் குடிபெயர்ந்தோரின் பிள்ளைகளுக்கு, அந்நாட்டவர்க்கு உள்ள அளவை நெருங்கும் வாய்ப்பு காணப்படுகிறது. உணவு, நோய் எதிர்உயிரி மருந்துகளின் பயன்பாடு, குழந்தைப் பருவச் சூழல் ஆகியவற்றுக்கு இதில் பங்கு உண்டு என்று கருதப்படுகிறது.

சூழற்காரணிகளுள் மிகத் தெளிவாக நிறுவப்பட்டது புகைபிடித்தல். புகைபிடிப்போருக்கு இந்நோய் வரும் வாய்ப்பு ஏறத்தாழ இருமடங்காகிறது. நோய் வந்தபின் புகைத்தால் நோய் தீவிரமாவதும், அறுவைக்குப் பின் மீண்டும் தோன்றுவதும் கூடுகின்றன. மன அழுத்தம் அறிகுறிகளைக் கூட்டலாம். ஆனால் அதுவே நோயை உண்டாக்கியது என்று நோயாளியைக் குறை கூறுவதற்கு ஆதாரம் இல்லை.

அறிகுறிகள்

இந்நோய் பெரும்பாலும் 15 முதல் 35 வயதுக்குள் தொடங்குகிறது. சிறுவர்களுக்கும் முதியோருக்கும் கூட வரலாம். ஆண், பெண் இருபாலரையும் தாக்கும். பொதுவான அறிகுறிகள் பின்வருமாறு:

• வாரக்கணக்கில் நீடிக்கும் வயிற்றுப்போக்கு
• வயிற்றுவலி, குறிப்பாகத் தொப்புளுக்கு வலக்கீழ்ப் பக்கத்தில். உணவு உண்டபின் முறுக்கிப் பிடிக்கும் வலி
• உடல் எடை குறைதல், பசியின்மை, கடும் சோர்வு
• லேசான காய்ச்சல்
• மலத்தில் இரத்தம்
• ஆசனவாயைச் சுற்றிச் சீழ்க்கட்டி, வெடிப்பு, பௌத்திரம்
• இரத்தசோகை
• சிறுவர்களில் வளர்ச்சி குன்றுதல், பூப்படைதல் தாமதமாதல்

குடலுக்கு வெளியேயும் நோய் வெளிப்படலாம். மூட்டு வலி, கண் சிவந்து வலித்தல், கால்களில் சிவந்த வலியுள்ள முடிச்சுகள், வாய்ப்புண் ஆகியவை இதில் அடங்கும். சிலருக்குக் குடல் அறிகுறிகளுக்கு முன்பே இவை தோன்றுகின்றன.

நோயாளிகளில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு வாழ்நாளில் எப்போதாவது ஆசனவாய்ப் பௌத்திரம் ஏற்படுகிறது. இதை மூலம் என்று எண்ணிக் கூச்சத்தால் மறைப்பதும், கடைகளில் களிம்பு வாங்கித் தடவுவதும், உரிய பரிசோதனையின்றி வெளியிடங்களில் அறுத்துக்கொள்வதும் நிலைமையை மோசமாக்கலாம். வயிற்றுப்போக்கும் எடைக் குறைவும் உள்ள இளைஞருக்குப் பௌத்திரம் வந்தால், குடலையும் சோதிக்க வேண்டும்.

'எரிச்சல் குடல்' எனப்படும் பொதுவான தொல்லையிலும் வயிற்றுவலியும் மலப் போக்கில் மாற்றமும் உண்டு. ஆனால் அதில் குடலில் புண் ஏற்படுவதில்லை. தூக்கத்திலிருந்து எழுப்பும் வயிற்றுப்போக்கு, எடைக் குறைவு, காய்ச்சல், இரத்தசோகை, மலத்தில் இரத்தம் ஆகியவை எரிச்சல் குடலின் அறிகுறிகள் அல்ல. இவற்றுள் ஒன்று இருந்தாலும் மேல் பரிசோதனை தேவை.

நோய் கண்டறிதல்

கிரோன் நோயை உறுதி செய்யும் தனியொரு பரிசோதனை கிடையாது. பல சான்றுகளைச் சேர்த்தே மருத்துவர் முடிவுக்கு வருகிறார்.

இரத்தப் பரிசோதனையில் இரத்தசோகை, சி.ஆர்.பி. என்ற அழற்சிப் புரதத்தின் அளவு, ஆல்புமின், இரும்பு, வைட்டமின் பி12 ஆகியவை பார்க்கப்படுகின்றன. மலப் பரிசோதனையில் தொற்றுக் கிருமிகள் தேடப்படுகின்றன. மலத்தில் உள்ள 'கால்புரொடெக்டின்' என்ற புரதத்தின் அளவும் பார்க்கப்படுகிறது. குடலில் அழற்சி இருக்கும்போது வெள்ளணுக்களிலிருந்து இப்புரதம் வெளிப்படுகிறது. ஒரு கிராம் மலத்தில் இது 50 மைக்ரோகிராமுக்குக் குறைவாக இருந்தால் குடல் அழற்சிக்கான வாய்ப்பு குறைவு. 250 மைக்ரோகிராமைத் தாண்டினால் அழற்சி தீவிரமாக இருப்பதாகக் கருதப்படுகிறது.

அடுத்தது கொலனோஸ்கோபி. நுனியில் கேமரா பொருத்திய வளையும் குழாயை ஆசனவாய் வழியாகச் செலுத்திப் பெருங்குடலையும் சிறுகுடலின் கடைசிப் பகுதியையும் மருத்துவர் நேரில் பார்க்கிறார். அப்போதே சிறு திசுத் துண்டுகள் எடுக்கப்பட்டு நுண்ணோக்கியில் ஆராயப்படுகின்றன. நீளவாக்கில் ஓடும் புண்கள், இடையிடையே நல்ல பகுதிகள், கூழாங்கல் பதித்த தரைபோன்ற தோற்றம் ஆகியவை கிரோன் நோயைச் சுட்டுகின்றன. குழாய் எட்டாத சிறுகுடலைப் பார்க்க எம்.ஆர்.ஐ. அல்லது சி.டி. ஸ்கேன் பயன்படுகிறது. பௌத்திரத்தின் பாதையை அறிய இடுப்புப் பகுதி எம்.ஆர்.ஐ. எடுக்கப்படுகிறது.

குடல் காசநோயும் கிரோன் நோயும்

இந்தியாவில் இந்நோயைக் கண்டறிவதில் உள்ள பெரிய சிக்கல் குடல் காசநோய். இரண்டும் சிறுகுடலும் பெருங்குடலும் சேரும் இடத்தையே விரும்பித் தாக்குகின்றன. இரண்டிலும் வயிற்றுவலி, எடைக் குறைவு, காய்ச்சல், குடல் சுருக்கம் உண்டு. திசு ஆய்வில் 'கிரானுலோமா' எனப்படும் அணுத் திரள் இரண்டிலும் காணப்படலாம்.

ஆனால் சிகிச்சையோ நேர் எதிரானது. காசநோய்க்குக் கிருமியைக் கொல்ல வேண்டும். கிரோன் நோய்க்கு எதிர்ப்பாற்றலை அடக்க வேண்டும். காசநோயாளிக்கு எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்து கொடுத்தால் கிருமி உடலெங்கும் பரவி உயிருக்கே ஆபத்தாகலாம். கிரோன் நோயாளிக்குக் காசநோய் மருந்து கொடுத்துக் காத்திருந்தால், அந்த மாதங்களில் குடல் மேலும் குறுகிவிடலாம்.

சில குறிப்புகள் வேறுபாட்டை உணர்த்துகின்றன. குறுக்குவாக்கில் அமைந்த புண்கள், எப்போதும் திறந்தே கிடக்கும் குடல்வாய் வால்வு, வயிற்றில் நீர் கோத்தல், நுரையீரலில் காசநோய்த் தடம், நடுவில் அழுகிய நிணநீர்க் கணுக்கள் ஆகியவை காசநோயின் பக்கம் சாய்கின்றன. நீளவாக்குப் புண்கள், ஆசனவாய் நோய், குடலின் நீண்ட பகுதி பாதிக்கப்படுதல், நெடுநாள் வயிற்றுப்போக்கு ஆகியவை கிரோன் நோயின் பக்கம் சாய்கின்றன. திசுவில் காசநோய்க் கிருமி கிடைத்தால் ஐயம் தீர்ந்துவிடும். ஆனால் குடல் காசநோயாளிகள் பலரிடம் கிருமி கிடைப்பதில்லை.

ஐயம் நீடித்தால் காசநோய் மருந்தைச் சோதனையாகத் தொடங்கி, இரண்டு மூன்று மாதங்களில் மீண்டும் கொலனோஸ்கோபி செய்து பார்ப்பது வழக்கம். இங்கும் அறிகுறியை மட்டும் நம்ப முடியாது. கிரோன் நோயாளிகள் சிலருக்கும் காசநோய் மருந்தால் வலி சற்றுக் குறையும். ஆனால் புண் ஆறாது. காசநோயாக இருந்தால் புண்கள் ஆறத் தொடங்கியிருக்கும். ஆகவே 'இப்போது பரவாயில்லை' என்று எண்ணி மறுபரிசோதனையைத் தவிர்ப்பது கூடாது.

சிகிச்சையின் இலக்கு

நெடுங்காலம் வரை வலியும் வயிற்றுப்போக்கும் நின்றால் போதும் என்பதே சிகிச்சையின் நோக்கமாக இருந்தது. அதன் போதாமையை ஆய்வுகள் எடுத்துக்காட்டின. பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பால் ருட்கீர்ட்ஸ் குழுவினர், குடலின் நோயுற்ற பகுதி வெட்டி எடுக்கப்பட்ட நோயாளிகளைக் கண்காணித்து 1990இல் முடிவுகளை வெளியிட்டனர். ஓராண்டுக்குள் 100க்கு 73 பேரின் குடலில் புண்கள் மீண்டும் தோன்றியிருந்தன. ஆனால் அறிகுறிகள் இருந்ததோ 100க்கு 20 பேருக்குத்தான். மற்றவர்கள் தாங்கள் நலமாக இருப்பதாகவே எண்ணியிருந்தனர்.

2017இல் வெளியான 'காம்' என்ற ஆய்வில், ஒரு பிரிவினருக்கு அறிகுறியை மட்டும் பார்த்தும், மற்றொரு பிரிவினருக்கு கால்புரொடெக்டின், சி.ஆர்.பி. அளவுகளையும் சேர்த்துப் பார்த்தும் மருந்து கூட்டப்பட்டது. 48 வாரங்களுக்குப் பின் முதல் பிரிவில் 100க்கு 30 பேருக்கும், இரண்டாவது பிரிவில் 46 பேருக்கும் குடல் ஆறியிருந்தது. இன்று மருத்துவ வழிகாட்டுதல்கள் அறிகுறி தணிவதை முதற்படியாகவும், கொலனோஸ்கோபியில் குடல் ஆறியிருப்பதை நீண்டகால இலக்காகவும் கொள்கின்றன.

மருந்துகள்

ஸ்டீராய்டுகள்: நோய் தீவிரமாகும்போது அழற்சியை விரைவாகத் தணிக்க பிரட்னிசலோன், பியூடசோனைடு போன்றவை தரப்படுகின்றன. சில நாட்களிலேயே நோயாளி தேறுகிறார். ஆனால் இவை நோயை நீண்டகாலம் தடுப்பதில்லை. குடலை ஆற்றுவதையும் நம்பிச் சொல்ல முடியாது. நெடுநாள் உட்கொண்டால் எலும்பு தேய்தல், சர்க்கரை நோய், கண்புரை, தொற்று, முகம் வீங்குதல் ஆகியவை நேரலாம். பழைய சீட்டைக் காட்டித் தாமாகவே கடையில் வாங்கி உண்பது ஆபத்தானது. உடல் இயற்கையாகச் சுரக்கும் ஸ்டீராய்டு இம்மருந்தால் குறைந்துபோவதால், திடீரென நிறுத்துவதும் ஆபத்து. படிப்படியாகவே குறைக்க வேண்டும்.

எதிர்ப்பாற்றலைத் தணிக்கும் மாத்திரைகள்: அசதயோபிரின் என்ற மருந்து பலன் தர இரண்டு மூன்று மாதங்கள் ஆகும். வெள்ளணுக்களைக் குறைக்கக்கூடியது என்பதால் இரத்தப் பரிசோதனை அடிக்கடி தேவை. 'நட்-15' என்ற மரபணுவில் மாற்றம் உள்ளவர்களுக்கு இந்தப் பாதிப்பு கடுமையாக இருக்கும். ஆசிய மக்களிடம் இம்மாற்றம் கூடுதலாகக் காணப்படுவதால், முன்கூட்டியே சோதிப்பது பயனுள்ளது. மெத்தோட்ரெக்சேட் மற்றொரு மருந்து. இது வாரம் ஒருமுறை மட்டுமே தரப்படுவது.

உயிரியல் மருந்துகள்: அழற்சியைத் தூண்டும் குறிப்பிட்ட புரதத்தை மட்டும் தடுக்கும் எதிர்ப்புரதங்கள் இவை. 'டி.என்.எஃப்.' என்ற புரதத்தைத் தடுக்கும் இன்ஃப்லிக்சிமாப் 1998இல் அமெரிக்காவில் கிரோன் நோய்க்கு ஒப்புதல் பெற்றது. இது நரம்பு வழியாகச் செலுத்தப்படுகிறது. தோலடி ஊசியாகப் போடப்படும் அடலிமுமாப், குடலுக்குள் வெள்ளணுக்கள் நுழைவதைத் தடுக்கும் வெடோலிசுமாப், வேறு அழற்சிப் புரதங்களைத் தடுக்கும் உஸ்டெகினுமாப் ஆகியவை பின்னர் வந்தன. 2023இல் உபடாசிட்டினிப் என்ற மாத்திரையும் அமெரிக்காவில் கிரோன் நோய்க்கு ஒப்புதல் பெற்றது. மூல மருந்தை ஒத்த உயிரிஒப்பு மருந்துகள் வந்தபின் விலை குறைந்துள்ளது. ஆயினும் பல குடும்பங்களுக்கு இச்செலவு இன்றும் பெருஞ்சுமையே.

டி.என்.எஃப். புரதம் காசநோய்க் கிருமியை அடக்கி வைப்பதிலும் பங்கு கொள்கிறது. ஆகவே அதைத் தடுக்கும் மருந்தைத் தொடங்கும் முன், உறங்கு நிலைக் காசநோய் உள்ளதா என்று மார்பு எக்ஸ்ரே, தோல் அல்லது இரத்தப் பரிசோதனை மூலம் பார்ப்பது கட்டாயம். மஞ்சள் காமாலைக் கிருமிகளுக்கும் பரிசோதனை செய்யப்படுகிறது. தேவையான தடுப்பூசிகளை முன்பே போட்டுக்கொள்வது நல்லது. எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்து உட்கொள்ளும் காலத்தில் உயிருள்ள கிருமிகளைக் கொண்ட தடுப்பூசிகள் தவிர்க்கப்படுகின்றன.

மெசலமின் என்ற மாத்திரை பெருங்குடல் புண் அழற்சியில் நன்கு பயன்படுகிறது. கிரோன் நோயில் அதன் பயன் மிகக் குறைவு.

முன்பு எளிய மருந்தில் தொடங்கி, அது தோற்றபின் வலிய மருந்துக்குச் செல்வதே முறையாக இருந்தது. பிரிட்டனில் புதிதாக நோய் கண்டறியப்பட்ட 386 பேரிடம் நடத்தப்பட்டு 2024இல் வெளியான 'புரொஃபைல்' ஆய்வு இதைக் கேள்விக்குள்ளாக்கியது. தொடக்கத்திலேயே இன்ஃப்லிக்சிமாப்பும் எதிர்ப்பாற்றல் தணிக்கும் மாத்திரையும் பெற்றவர்களில் 100க்கு 79 பேர், ஓராண்டின் முடிவில் ஸ்டீராய்டும் அறுவையும் இன்றி நோய் தணிந்த நிலையில் இருந்தனர். படிப்படியாக மருந்து கூட்டப்பட்டவர்களில் அந்நிலையில் இருந்தோர் 15 பேர் மட்டுமே.

அறுவை சிகிச்சை

இறுகிய குடல் சுருக்கம், அடைப்பு, துளை, மருந்துக்கு அடங்காத நோய் ஆகியவற்றுக்கு அறுவை தேவைப்படுகிறது. நோயுற்ற பகுதியை மட்டும் நீக்கி இரு முனைகளையும் இணைப்பது வழக்கம். குடலை வெட்டாமல் சுருக்கத்தை மட்டும் அகலப்படுத்தும் முறையும் உண்டு. குடலைக் கூடியவரை காப்பாற்றுவதே இந்நோயில் அறுவையின் விதி. பௌத்திரத்தில் சீழ் வடிய மெல்லிய நூல் வளையம் கோக்கப்பட்டு, அதன்பின் மருந்து தரப்படுகிறது.

அறுவை என்பது தோல்வியின் அடையாளம் அன்று. சிறுகுடலின் கடைசியில் குறுகிய பகுதி மட்டும் பாதிக்கப்பட்டவர்களிடம் நடந்த ஆய்வு 2017இல் வெளியானது. லேப்ராஸ்கோபி அறுவை பெற்றவர்களின் வாழ்க்கைத் தரம், இன்ஃப்லிக்சிமாப் பெற்றவர்களின் வாழ்க்கைத் தரத்துக்குக் குறைந்ததாக இல்லை. ஆனால் அறுவையால் நோய் வேரோடு நீங்குவதில்லை. அதனால் 6 முதல் 12 மாதங்களுக்குள் கொலனோஸ்கோபி செய்து மறுதோற்றம் உள்ளதா என்று பார்க்க வேண்டும்.

உணவு

எல்லா நோயாளிகளுக்கும் பொருந்தும் ஒரே பத்திய உணவு இல்லை. குடல் சுருக்கம் உள்ளவர்கள் முருங்கைக்காய்ச் சக்கை, கீரைத் தண்டு, கொய்யா விதை, ஆரஞ்சுச் சுளையின் தோல் போன்ற நார் மிகுந்தவற்றைத் தவிர்ப்பது நல்லது; இவை குறுகிய இடத்தில் சிக்கி அடைப்பை உண்டாக்கலாம். நோய் தணிந்து, சுருக்கமும் இல்லாதவர்கள் காய்கறிகளையும் பழங்களையும் ஒதுக்கத் தேவையில்லை. காரணமின்றி உணவு வகைகளை ஒன்றன்பின் ஒன்றாக நீக்கிக்கொண்டே போவது ஊட்டக்குறைவில் முடிகிறது.

சிறுவர்களுக்கு 6 முதல் 8 வாரங்கள் வழக்கமான உணவை நிறுத்தி, சத்துகள் அனைத்தும் அடங்கிய திரவ உணவை மட்டும் தருவது ஒரு சிகிச்சையாகவே ஏற்கப்பட்டுள்ளது. ஸ்டீராய்டுக்கு நிகராக இது நோயைத் தணிக்கிறது, வளர்ச்சியையும் பாதிப்பதில்லை.

வைட்டமின் பி12 சிறுகுடலின் கடைசிப் பகுதியில்தான் உறிஞ்சப்படுகிறது. அப்பகுதியில் 20 சென்டிமீட்டருக்கு மேல் நீக்கப்பட்டவர்களுக்குப் பெரும்பாலும் பி12 ஊசி தேவைப்படும். இரும்பு, வைட்டமின் டி ஆகியவற்றின் குறைவும் பொதுவானது.

தமிழகத்தில் பழைய சோறு, மோர் ஆகியவை குடலுக்கு நல்லவை என்ற நம்பிக்கை பரவலாக உள்ளது. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் பழைய சோற்றைக் குடல் நோயாளிகளிடம் ஆய்வுக்கு எடுத்துக்கொண்டுள்ளனர். உடலுக்கு ஒத்துக்கொண்டால் இவற்றை உண்பதில் தடையில்லை. ஆனால் எந்த உணவையும் நம்பி மருந்தை நிறுத்துவது தவறு.

திருமணமும் மகப்பேறும்

நோய் இளவயதில் வருவதால், திருமணம் பற்றிய அச்சம் நோயாளியின் குடும்பத்தில் எழுவது இயல்பு. நோய் தணிந்த நிலையில் உள்ள பெண்கள் கருத்தரிக்கும் வாய்ப்பு மற்றவர்களைப் போன்றதே. கருவுக்குப் பெரும்பாலும் ஊறு செய்வது மருந்தைவிட, கட்டுப்படாத நோய்தான். நோய் தணிந்திருக்கும்போது கருத்தரிப்பதே சிறந்தது. அசதயோபிரின், டி.என்.எஃப். தடுப்பு மருந்துகள் ஆகியவை பொதுவாகக் கர்ப்ப காலத்திலும் தொடரப்படுகின்றன. மெத்தோட்ரெக்சேட் கருவைச் சிதைக்கும் என்பதால், கருத்தரிக்கத் திட்டமிடும்போதே நிறுத்தப்பட வேண்டும். கர்ப்பம் தெரிந்தவுடன் பயந்து எல்லா மருந்துகளையும் தாமாகவே நிறுத்துவது தாய்க்கும் சேய்க்கும் கேடாக முடியலாம்.

தொடர் கண்காணிப்பு

சிகிச்சை தடைபடுவதற்கு ஒரு பொதுவான காரணம், நோயாளி நலமாக உணர்வதே. வலி போய்விட்டது, எடை கூடிவிட்டது, இனி எதற்கு மருந்து என்ற எண்ணம் இயல்பானது. செலவும் அதனுடன் சேர்கிறது. 2012இல் வெளியான ஓர் ஆய்வில், குறைந்தது 6 மாதங்கள் ஸ்டீராய்டு தேவைப்படாமல் நோய் தணிந்திருந்தவர்களுக்கு இன்ஃப்லிக்சிமாப் நிறுத்தப்பட்டது. எதிர்ப்பாற்றல் தணிக்கும் மாத்திரை தொடர்ந்தது. ஓராண்டுக்குள் 100க்கு சுமார் 44 பேருக்கு நோய் திரும்பியது. குடல் நன்கு ஆறியிருந்தவர்களுக்கும், இரத்த, மலப் பரிசோதனை அளவுகள் குறைவாக இருந்தவர்களுக்கும் திரும்பும் வாய்ப்பு குறைவாக இருந்தது. மருந்தைக் குறைப்பதா, நிறுத்துவதா என்பது உணர்வைக் கொண்டு அல்லாமல் பரிசோதனையைக் கொண்டு எடுக்க வேண்டிய முடிவு என்பதை இது காட்டுகிறது. செலவு தாங்க முடியாத நிலை வந்தால், மருந்தை ஓசையின்றி விட்டுவிடுவதைவிட மருத்துவரிடம் வெளிப்படையாகச் சொல்வதே நல்லது. மாற்று மருந்தைப் பற்றி அவர் ஆலோசிக்க முடியும்.

வலி நிவாரணிகளான டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபென் போன்றவை நோயைத் தூண்டக்கூடும் என்பதால் மருத்துவரைக் கேட்காமல் உட்கொள்ளக் கூடாது. பெருங்குடல் பாதிக்கப்பட்டவர்களுக்குப் பல ஆண்டுகளுக்குப் பின் பெருங்குடல் புற்றுநோய் வாய்ப்பு சற்றுக் கூடுகிறது. ஆகவே நோய் தொடங்கி சுமார் 8 ஆண்டுகளுக்குப் பின் இதற்கான கொலனோஸ்கோபி குறிப்பிட்ட கால இடைவெளியில் செய்யப்படுகிறது.

கடும் வயிற்றுவலியுடன் விடாத வாந்தி, வயிறு உப்பி மலமும் காற்றும் வெளியேறாமை, குளிர்நடுக்கத்துடன் காய்ச்சல், மலத்தில் அதிக இரத்தம், ஆசனவாய் அருகே வலியுள்ள வீக்கம் ஆகியவை உடனடியாக மருத்துவமனைக்குச் செல்ல வேண்டிய அறிகுறிகள்.

அழற்சிக் குடல் நோய்கள் பற்றிய விழிப்புணர்வுக்காக ஒவ்வோர் ஆண்டும் மே 19 உலக நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. கிரோன் நோய் வெளியே தெரியாத நோய். கழிப்பறைக்கு அடிக்கடி செல்லும் மாணவரும், சோர்வால் விடுப்பு எடுக்கும் ஊழியரும் பார்ப்பதற்கு நலமாகவே இருப்பர். தேர்வு அறையிலும் பணியிடத்திலும் தடையின்றிக் கழிப்பறை செல்ல அனுமதி, மருந்து செலுத்தும் நாளில் விடுப்பு ஆகிய சிறு வசதிகளே அவர்கள் சிகிச்சையைக் கைவிடாமல் தொடரப் பெரிதும் உதவுகின்றன.